1447 முதல் சாப்பாடு தயார்

வியன்னாவில் ‘கிரீஷன்பைஸ்ல்’ என்று ஒரு ஓட்டல் இருக்கிறது. பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, பண்டம் நுழைந்தால் போதும். அந்த இடத்தைப் பற்றிய முதல் எழுத்துக் குறிப்பு 1447-ஆம் வருஷத்தியது. அதாவது கொலம்பஸ் பிறப்பதற்கு முன்பே அங்கே பந்தி ஆரம்பித்தாகிவிட்டது. உள்ளே ஒரு அறையில் சுவர், மேற்கூரை பூராவும் கையெழுத்துகள். மார்க் ட்வெயின்கூடப் போட்டிருக்கிறார். (நாம் சுவரில் பேர் எழுதினால் தொல்பொருள் இலாகா விரட்டும். அவர் எழுதினால் அதுவே தொல்பொருள்!)

ஆஸ்திரியாவில் இதெல்லாம் சின்னப் பையன். ஸால்ஸ்பர்க் நகரத்தில் ஸெயின்ட் பீட்டர் மடத்து ஓட்டல்காரர்கள், 803-லேயே தங்களைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது என்கிறார்கள். அப்போது காஞ்சியில் தந்திவர்மப் பல்லவன். தஞ்சாவூரில் சோழர்கள் இன்னும் கடையே திறக்கவில்லை.

இவ்வளவையும் சொன்னவர் எங்கள் ஆபீஸ் நண்பர். டிரெயினிங்குக்காகப் பத்து நாள் வியன்னா போய் வந்தவர். வந்து நாலு மாசமாகியும் இன்னும் இறங்கவில்லை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏறும்போது, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு அயிட்டம் விவரித்துக்கொண்டு வந்தார்.

“வீனர் ஷ்னிட்ஸல்னு ஒண்ணு சார். கன்னுக்குட்டிக் கறியைத் தட்டி, பிரெட் தூள்ல பெரட்டி, பொரிச்சுத் தருவான். தட்டைத் தாண்டித் தொங்கும். பன்னிக்கறில பண்ணினா அந்தப் பேரை அப்படியே வைக்கக் கூடாது, அங்க சட்டமே இருக்கு!”

நம்மூரில் இப்படி ஒரு சட்டம் வந்தால் பாதி மட்டன் பிரியாணிக் கடைகள் பெயர் மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்து ஆப்பிள் ஸ்ட்ரூடல். மாவை இழுத்து இழுத்து, அடியில் நியூஸ் பேப்பர் வைத்தால் படிக்கிற அளவுக்கு மெல்லிசாக்க வேண்டுமாம். நம் வீச்சு பரோட்டா மாஸ்டருக்கு இது இடது கை வேலை. கைஸர்ஷ்மாரன் என்று இன்னொன்று. தடிமனான இனிப்பு தோசையைக் கல்லிலேயே பிய்த்துப் போட்டுச் சர்க்கரை தூவுவார்கள். ‘கைஸர்’ என்றால் சக்கரவர்த்தி, ‘ஷ்மாரன்’ என்றால் கன்னாபின்னா. ஆக, ராஜா கொத்து பரோட்டா.

எனக்கு உறைத்தது க்னோடல்தான். முந்தின நாள் மீந்துபோன ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, முட்டை சேர்த்து உருண்டை பிடித்து வேகவைப்பது. பழையதை வீணாக்க மனசில்லாத ஏழை வீட்டு வேலை. அதை இன்றைக்கு மெனு கார்டில் அச்சடித்து, வெள்ளைத் துணி விரித்த மேஜையில், டை கட்டிய ஆள் கொண்டுவந்து வைக்கிறான். யாரும் கூச்சப்படவில்லை.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது எங்கள் செக்‌ஷன் தம்பி வீட்டுக்கு. ஜமுனாமரத்தூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. அவர்கள் மலையாளி இனத்தவர். கேரளாவுக்குச் சம்பந்தமில்லை. மலையில் இருப்பவர்கள், அவ்வளவுதான். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

வாசலில் பாய் விரித்து, “குந்துங்க சார்” என்றார்கள். வாழை இலையில் வெள்ளை வெளேரென்று அரிசிச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு. பிரமாதம். ஆனால் உள்ளே அடுப்பங்கரையோரம் தம்பியின் ஆயா வேறெதையோ பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. வியன்னாக்காரருக்கு மூக்கு நீளம்.

“ஆயா என்னா சாப்பிடுது?”

தம்பி முகம் சுருங்கிவிட்டது. “அது ஒண்ணுமில்ல சார்... சாமைச் சோறு. வூட்டு ஆளுங்களுக்கு. நீங்க அரிசியே சாப்பிடுங்க.”

மூன்று வருஷமாக ஆபீஸில் இவன் ஏன் டிபன் பாக்ஸ் மூடியைப் பாதிதான் திறந்து சாப்பிடுகிறான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாமும் சும்மா இல்லை. எவன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்த்து ஒரு கமெண்ட் அடிக்காமல் எந்த ஆபீஸில் லஞ்ச் முடிகிறது?

ஜவ்வாது மலைக்குச் சாமைதான் பிரதானப் பயிர். மழையை நம்பி விதைத்தால் மூன்று மாசத்து வாக்கில் கதிர். இதற்கு எந்த வருஷம் போர்டு எழுதுவது? கிரீஷன்பைஸ்ல் தோற்றுப்போகும். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததும், பட்டணத்துக் கடைகளில் கண்ணாடி ஜாடிக்குள் சாமை ஏறி உட்கார்ந்துகொண்டது. கீழே திருவண்ணாமலைப் பக்கம் அத்தியந்தலில் சிறுதானியத்துக்கென்றே வேளாண் பல்கலைக்கழக மையம் நடக்கிறது. விளைகிற வீட்டில் மட்டும் விருந்தாளி கண்ணில் படாமல் அதை ஒளித்துவைக்கிறார்கள்.

வெட்கம் மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாமை பொடி தானியம், உமி லேசில் விடாது. உரலில் போட்டு, குத்திப் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து... ஒரு வேளைச் சோற்றுக்கு அரை நாள் தோள்பட்டை போய்விடும். பழைய சாப்பாட்டின் பெருமையை எழுதுகிற நம்மில் எவனும் உலக்கையைத் தொட்டதில்லை. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். குத்த வேண்டாம், புடைக்க வேண்டாம். எந்தப் பெண்பிள்ளைதான் வேண்டாம் என்பாள்?

ஆயாவிடமே கேட்டேன். “குத்துறதா? அந்தப் பாவத்த இனிமே யாரு செய்யறது! மிசின்ல அரைச்சுக் குடுத்தா துன்னலாம்” என்றது, பளிச்சென்று. ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்று ஒரு பெருமூச்சு வரும், எழுதிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை.

வியன்னாக்காரர் அதற்குள் இலையை நீட்டிவிட்டார். தம்பி தடுக்கத் தடுக்க அவன் அம்மா சிரித்துக்கொண்டே ரெண்டு கரண்டி சாமைச் சோறு வைத்து, நடுவில் குழி பண்ணி மொச்சைக் குழம்பை ஊற்றினார்கள். சாமை அரிசி மாதிரி குழையாது. மணி மணியாக நின்று குழம்பை உறிஞ்சும். நான் ரெண்டு தடவை கேட்டு வாங்கினேன். நண்பர் எண்ணிக்கையை நான் சொல்வது நாகரிகமில்லை. தம்பி கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தன் இலையில் இருந்த அரிசிச் சோற்றை ஓரம் ஒதுக்கி, “எனக்கும் அதையே வைம்மா” என்றான்.

சாப்பிட்ட தெம்பில் நண்பர் ஆயாவுக்கு வியன்னாவை விளக்க ஆரம்பித்தார். அறுநூறு வருஷத்துக் கதை, கையெழுத்துச் சுவர், தட்டைத் தாண்டித் தொங்கும் கறி, எல்லாம். ஒரு தட்டு நம் காசில் ரெண்டாயிரத்துக்கு மேல் என்றதும் ஆயா வெற்றிலை இடிப்பதை நிறுத்தியது.

“ரெண்டாயிரமா! கொழம்பு எவ்ளோ ஊத்துவாங்க?”

“கொழம்பெல்லாம் கெடையாது ஆயா. ஒரு எலுமிச்சம்பழத் துண்டு வைப்பான். அதப் புழிஞ்சுக்கணும்.”

ஆயா அவரைக் கொஞ்ச நேரம் ஏற இறங்கப் பார்த்தது. பிறகு மருமகளிடம் திரும்பி, “பாவம், அந்தப் புள்ளைக்கு இன்னொரு கரண்டி ஊத்து” என்றது.