பேர் வைத்த பேனா

'முதல் பெண் பத்திரிகையாளர்' பட்டியல் போடும் தோழர்கள் ஃப்ளோரா ஷாவை விடுவதேயில்லை. லண்டன் 'டைம்ஸ்' ஏட்டில் காலனிப் பகுதிக்கு ஆசிரியராக உட்கார்ந்தவர். ஆம்பளைகள் கோலோச்சிய இடம். லேசான காரியமில்லைதான், ஒத்துக்கிறேன்.

ஆனால் 1897 ஜனவரி 8இல் அதே ஏட்டில் என்ன எழுதினார்? ராயல் நைஜர் கம்பெனி பிடித்துவைத்திருந்த நாடுகளுக்கெல்லாம் சேர்த்து 'நைஜீரியா' என்று பேர் வைக்கலாமாம். இருந்த பேர் ரொம்ப நீளமாம்! அந்த மண்ணில் பொறந்து வளர்ந்த சனங்களுக்கு ஆயிரம் பேர் இருந்திருக்குமே, அது எந்தக் கணக்கில்?

ட்ரான்ஸ்வால் படையெடுப்புச் சதி பற்றி அந்த வருசமே பாராளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. 1902இல் அவர் கட்டிக்கொண்ட லுகார்டு துரை 1914இல் நைஜீரியாவுக்கே கவர்னர் ஜெனரல் ஆனார். பெண் என்பதற்காக மட்டும் இவருக்குக் கைதட்ட என்னால் முடியலை, தோழர்களே.