எல்லையை அடைத்தால் அடி யாருக்கு?

பண்ருட்டியிலும் கொல்லத்திலும் உடைபடும் முந்திரிக் கொட்டையில் கணிசமான பகுதி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது என்பது நம் மளிகை வணிகர்கள் அறிந்ததே. ஐவரி கோஸ்ட், கானா, பெனின், கினி-பிசாவ் ஆகிய பெயர்கள் முந்திரி வியாபாரத்தில் அன்றாடம் அடிபடுபவை. நம் நாட்டு அரிசி போய் இறங்கும் துறைமுகங்களும் அந்தக் கரையில் இருக்கின்றன. ஆனால் அந்த நாடுகள் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்திருப்பதும், அந்தச் சங்கம் பக்கத்து வீட்டுத் தகராறைத் தீர்க்கப் போய் ஒரு முறை வென்றதும், ஒரு முறை தோற்றதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சங்கத்தின் அருமை தெரிந்த வணிகர்களாகிய நாம் அந்த வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பது நல்லது.

அந்தச் சங்கத்தின் பெயர் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகம். சுருக்கமாக எகோவாஸ். 1975 மே 28 அன்று நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 15 நாடுகள் கூடிக் கையெழுத்திட்டு இதைத் தொடங்கின. நோக்கம் வியாபாரம்தான். சுங்கவரியைக் குறைப்பது, மக்களும் சரக்கும் எல்லை தாண்டிப் போய்வர வழி செய்வது, இவ்வளவுதான் அன்றைய திட்டம்.

ஆனால் ஊரில் அமைதி இல்லாமல் சந்தை கூடுமா? 1989 இறுதியில் லைபீரியாவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அகதிகள் அண்டை நாடுகளில் குவிந்தார்கள். 1991-ல் போர் சியரா லியோனுக்கும் பரவியது. இதற்கிடையே 1990 ஆகஸ்டில் எகோவாஸ் தன் படையை லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் இறக்கிவிட்டது. அந்தப் படை தலைநகர் முழுவதும் கிளர்ச்சியாளர் கையில் விழாமல் காத்தது. அதே படையினர் மீது கொள்ளைப் புகார்களும் எழுந்தன. பட்ட அனுபவத்திலிருந்து 1999 டிசம்பரில் மோதல் தடுப்புக்கென்று தனி ஒப்பந்தம் ஒன்றை எழுதினார்கள். தேர்தல் வழியாக அன்றி ஆட்சியைப் பிடிப்பது செல்லாது என்று 2001-ல் இன்னொரு விதியையும் சேர்த்தார்கள்.

இந்த விதிகள் பலன் தந்த இடம் காம்பியா. அங்கே 22 ஆண்டுகள் ஆட்சியில் இருந்த யாஹ்யா ஜாமே 2016 டிசம்பர் 1 அன்று நடந்த தேர்தலில் ஆடமா பாரோவிடம் தோற்றார். முதலில் தோல்வியை ஏற்றுக்கொண்டவர், ஒரே வாரத்தில் பேச்சை மாற்றி, நாற்காலியை விட மாட்டேன் என்றார். எகோவாஸ் என்ன செய்தது? அண்டை நாட்டுத் தலைவர்கள் நேரில் போய்ப் பேசினார்கள். பேச்சு பலிக்காதபோது, 2017 ஜனவரி 19 அன்று செனகல் நாட்டுத் தலைநகர் டாக்காரில் பாரோ பதவியேற்றார். அன்றே ஐ.நா. பாதுகாப்பு அவையும் எகோவாஸின் முயற்சிக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. செனகல் தலைமையில் படைகள் எல்லைக்குள் நுழைந்தன. அதன் பிறகும் பேச்சின் கதவைச் சாத்தவில்லை. கினி அதிபர் ஆல்ஃபா கோண்டேயும் மொரிட்டானியா அதிபரும் கடைசி நிமிடம் வரை ஜாமேயுடன் பேசினார்கள். ஜனவரி 21 அன்று ஜாமே விமானம் ஏறிவிட்டார். பெரிய சண்டை எதுவும் இல்லாமல் காரியம் முடிந்தது.

இனி நைஜருக்கு வருவோம். 2023 ஜூலை 26 அன்று அங்கே அதிபர் முகமது பசூமை அவருடைய காவல் படையினரே சிறை வைத்தார்கள். நான்கே நாளில் எகோவாஸ் கூடியது. ஒரு வாரத்தில் அவரை விடுவிக்காவிட்டால் படை வரும் என்று கெடு விதித்தது. அந்தக் கெடு முடியும் வரை காத்திராமல் எல்லைகளை மூடி, வியாபாரத்தை நிறுத்தி, நைஜரின் பணத்தை முடக்கியது. நைஜருக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தரும் நைஜீரியா அதையும் நிறுத்தியது.

நைஜர் கடல் இல்லாத நாடு. அதற்குத் துறைமுகம் பெனினின் கொட்டனூ. பெனின் எல்லையில் உள்ள மலன்வில் ஊரில் லாரிகள் வரிசையாக நின்றுபோயின. உணவுப்பொருளும் மருந்தும் உள்ளே போகவில்லை. நைஜரின் பேர்பெற்ற ஏற்றுமதிச் சரக்கு வெங்காயம். பெனின், கானா, ஐவரி கோஸ்ட் சந்தைகள் எல்லாம் அதை வாங்குபவை. எல்லை மூடினால் வெங்காயம் காத்திருக்குமா? அதை மூட்டை மூட்டையாக வாங்கி வைத்தவனின் நிலை என்ன என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆட்சியைப் பிடித்த தளபதிகள் பட்டினி கிடக்கவில்லை. அவர்கள் பதவியை விட்டு இறங்கவும் இல்லை. மாறாக, ஏற்கெனவே ராணுவ ஆட்சியில் இருந்த மாலியும் புர்கினா ஃபாசோவும் நைஜரோடு சேர்ந்து 2023 செப்டம்பரில் தனிக் கூட்டணி அமைத்தன. 2024 ஜனவரி 28 அன்று மூன்று நாடுகளும் எகோவாஸை விட்டு விலகுவதாக அறிவித்தன. பிப்ரவரியில் எகோவாஸ் தடைகளை விலக்கிப் பார்த்தும் பயனில்லை. நைஜர் தன் பக்கத்தில் பெனின் எல்லையைத் திறக்க மறுத்தது. பாலத்தில் போன சரக்கு படகில் ஆறு கடந்தது. 2025 ஜனவரி 29 அன்று மூன்று நாடுகளின் விலகலும் நடப்புக்கு வந்தது. அரை நூற்றாண்டாகக் கட்டிய சங்கத்தின் ஒரு பக்கச் சுவரே இடிந்துவிட்டது.

ஒரே சங்கம், ஒரே விதி. பலன் மட்டும் ஏன் இரண்டு விதம்? காம்பியாவில் அண்டை நாடுகள் அத்தனையும் ஒரே குரலில் பேசின. ஜாமே வெளியேற ஒரு வழியும் விடப்பட்டது. தண்டனை குற்றவாளியின் மீது மட்டும் குறி வைத்தது. நைஜரில் அண்டை நாடுகளே பிளவுபட்டு நின்றன. தண்டனை முதலில் வந்தது, பேச்சு பின்னால் வந்தது. அடி விழுந்தது சில்லறைக் கடைக்காரன் மீதும், அவனிடம் வாங்கிச் சாப்பிடும் ஏழை மீதும்தான்.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். எவரும் இரண்டு முறைக்கு மேல் அதிபராக இருக்கக் கூடாது என்ற யோசனை 2015-ல் எகோவாஸ் முன் வந்து, டோகோவும் காம்பியாவும் எதிர்த்ததால் கைவிடப்பட்டது. ஜாமேயைப் போகச் சொன்ன அதே ஆல்ஃபா கோண்டே 2020-ல் அரசியல் சட்டத்தை மாற்றி மூன்றாம் முறை பதவியேறினார். எகோவாஸ் அவரைத் தடுக்கவில்லை. மறு ஆண்டே ராணுவம் அவரைத் தள்ளியது. வாங்க ஒரு படி, விற்க ஒரு படி வைத்திருக்கும் கடையில் யார் நம்பி வாங்குவார்கள்?

"எல்லையைக்கூட மூடாவிட்டால் துப்பாக்கி வைத்திருப்பவன் யாருக்குப் பயப்படுவான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தளபதிகளின் வங்கிக் கணக்கை முடக்கட்டும். அவர்களின் வெளிநாட்டுப் பயணத்தைத் தடுக்கட்டும். ஆயுத வரவை நிறுத்தட்டும். உணவு, மருந்து ஏற்றிய லாரிக்கு மட்டும் எந்த நாளும் எல்லை திறந்திருக்க வேண்டும். இந்த விதிவிலக்கைச் சண்டை வரும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வைக்க வேண்டும். சண்டை வந்த பிறகு யார் காதிலும் எதுவும் ஏறாது.

நம் பக்கத்துச் சங்கம் எப்படி இருக்கிறது? 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் தொடங்கிய சார்க் அமைப்பின் சாசனப்படி, இரு நாடுகளுக்கு இடையிலான தகராறுகளை அங்கே பேசவே கூடாது. எல்லா முடிவும் ஒருமனதாக இருக்க வேண்டும். 2014-ல் காத்மாண்டுவில் மாநாடு நடந்தது. உரி தாக்குதலுக்குப் பின் 2016 இஸ்லாமாபாத் மாநாடு நின்றுபோனது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து அட்டாரி எல்லைச் சாவடி மூடப்பட்டது. பயங்கரவாதத்துக்கு எதிராக நாடு உறுதியாக நிற்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆயினும் இவ்வளவு நடந்தும் தகராறைப் பேச ஒரு பொது இடம் இல்லாத சங்கத்தால் யாருக்கு என்ன பயன்? எகோவாஸ் அவசரப்பட்டுக் கையை நீட்டியது. சார்க்குக்கோ வாயே கட்டப்பட்டிருக்கிறது.

வணிகர்கள் அரசியல் பேச வேண்டாம் என்பார்கள். எல்லை மூடும்போது சரக்கு அழுகுவது நம் போன்றவர் பணம்தானே? எனவே வட்டார அமைப்புகள் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வணிகர் சங்கங்கள் மூன்று கோரிக்கைகளை வைக்க வேண்டும். தகராறைப் பேச மேசை வேண்டும். எல்லோருக்கும் ஒரே தராசு வேண்டும். சாப்பாட்டு மூட்டைக்கு எல்லை மூடக் கூடாது. மலன்வில்லில் நின்ற லாரிக்காரனும் நாமும் ஒரே தொழில் செய்பவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.