கூண்டுச் சண்டையும் நம் பிள்ளைகளும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் பலருக்கு அண்மையில் ஒரு மோகம் பிடித்திருக்கிறது. யுஎஃப்சி கூண்டுச் சண்டை! அமெரிக்காவில் சனி இரவு நடப்பது நமக்கு ஞாயிறு விடியல். சுபுஹு எங்கே என்று கேட்டால், "கபீப் நம்ம ஆளு, ஹஜ்ரத்" என்கிறார்கள்.

தாகெஸ்தானின் கபீப் நுர்மகமதோவ் தொழுகையாளி; வென்றதும் ஸஜ்தா செய்தவர். நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒருவரின் தொழுகை அவரது தொழிலை ஹலாலாக்கிவிடுமா? சண்டையிலும் முகத்தைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. கூண்டிலோ, கீழே விழுந்தவனின் முகத்தில் குத்துவதற்கும் அனுமதி உண்டு. மக்காவிலுள்ள உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹுப் பேரவை 1987-இலேயே குத்துச்சண்டையையும், எதிராளியைக் காயப்படுத்த இடமளிக்கும் மல்யுத்தத்தையும் ஹராம் எனத் தீர்ப்பளித்துவிட்டது.

மற்போரே கூடாது என்பது மிகை. ருகானாவுடன் நபியவர்கள் மற்போர் புரிந்த செய்தி அபூதாவூதில் உண்டு. உடலை வலுப்படுத்துவதை யார் தடுத்தார்? படுத்துக்கொண்டு பிறர் இரத்தம் பார்ப்பது எந்தப் பயிற்சி? "பார்க்கத்தானே செய்கிறோம்" என்கிறார்கள். பார்ப்பவர் இன்றிக் கூண்டு ஏது?

2018 அக்டோபரில் மெக்ரிகரை வீழ்த்திய கபீப், கூண்டைத் தாண்டிக் குதித்து எதிரணியினர் மீது பாய்ந்தார். 9 மாதத் தடையும் 5 இலட்சம் டாலர் அபராதமும் கிடைத்தன. அவரது தந்தையையும் மார்க்கத்தையும் இழித்துப் பேசினார்கள் என்பது உண்மையே. ஆயினும் கோபத்தை அடக்குவதே வலிமை என்ற ஹதீஸை மதரஸாவில் ஓதிய பிள்ளைகள், அந்தப் பாய்ச்சலைத்தான் பெருமையோடு பகிர்கிறார்கள். 2020-இல் தந்தை இறந்தபின், தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக, 29 வெற்றிகளோடு அவர் களத்தை விட்டு விலகினார். அந்தக் காணொளியை எவரும் நமக்கு அனுப்பக் காணோம்.