கோளா, கரும்புள்ளியா? விஞ்ஞானிகளையே குழப்பும் சிவப்புக் குள்ள நட்சத்திரங்கள்

2009 ஆகஸ்ட் 28. ஆஸ்திரேலியாவின் கான்பெரா அருகே உள்ள டிட்பின்பில்லா விண்வெளித் தொடர்பு மையத்தில் இருந்து ஒரு ரேடியோ சிக்னல் கிளம்பியது. உலகம் முழுவதும் பொதுமக்கள் எழுதி அனுப்பிய கிட்டத்தட்ட 26,000 குறுஞ்செய்திகள் அதில் இருந்தன. சேர வேண்டிய முகவரி, சுமார் 20 ஒளியாண்டு தொலைவில் இருப்பதாகச் சொல்லப்பட்ட 'கிளீஸ் 581 டி' என்ற கோள். உயிர் வாழ ஏற்ற சூழல் அங்கே இருக்கலாம் என்று அப்போது பரபரப்பாகப் பேசப்பட்டது.

அந்தச் சிக்னல் இன்னும் பயணத்தில்தான் இருக்கிறது. 2029-30 வாக்கில் போய்ச் சேரும். ஆனால் அந்த முகவரியில் அப்படி ஒரு கோளே இல்லை என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. விஞ்ஞானிகள் கோள் என்று நினைத்தது, நட்சத்திரத்தின் மேற்பரப்பில் நடந்த கொந்தளிப்பை.

'பூமி மாதிரி இன்னொரு கோள்', 'உயிர் இருக்க வாய்ப்பு' என்று மாதம் ஒரு செய்தி மொபைலில் வந்து விழுகிறது. அவற்றில் பல, சிவப்புக் குள்ள நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைப் பற்றியவை. அதனால் இந்தக் குழப்பம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

சிவப்புக் குள்ளன்னா என்ன?

சூரியனை விடச் சிறிய, குளிர்ந்த, மங்கலான நட்சத்திரங்கள் இவை. நம் பால்வெளி மண்டலத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று நட்சத்திரங்கள் இந்த வகைதான். ஆனாலும் ஒன்றுகூட வெறும் கண்ணுக்குத் தெரியாது.

செட்டிநாட்டில் வலையபட்டி மாதிரி ஓர் ஊரில், தெருவிளக்கு வெளிச்சம் படாத மொட்டைமாடியில் படுத்து வானத்தைப் பார்த்தாலும் இதுதான் நிலை. சிவப்பாகத் தெரியும் திருவாதிரையும் கேட்டையும் சிவப்புக் குள்ளன்கள் இல்லை. அவை சூரியனை விடப் பல நூறு மடங்கு பெரிய ராட்சத நட்சத்திரங்கள். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில், 4.2 ஒளியாண்டில் இருக்கும் பிராக்சிமா சென்டாரி ஒரு சிவப்புக் குள்ளன். அதைப் பார்க்கவே டெலஸ்கோப் வேண்டும்.

கோள் தேடுபவர்களுக்கு இவை ரொம்பப் பிடிக்கும். நட்சத்திரம் சின்னது என்பதால் சின்னக் கோளின் பாதிப்பும் பளிச்சென்று தெரியும். நட்சத்திரத்தின் சூடு குறைவு என்பதால், தண்ணீர் திரவமாக இருக்கக்கூடிய பகுதி அதற்கு மிக அருகிலேயே அமையும். அங்கே ஒரு கோள் சில நாட்களிலோ சில வாரங்களிலோ ஒரு சுற்று முடித்துவிடும். பூமி போல ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

கோளை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

முக்கியமாக இரண்டு வழிகள். கோள் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் கொஞ்சம் குறையும், அதை அளப்பது ஒரு வழி. கோளின் ஈர்ப்பு விசையால் நட்சத்திரம் லேசாக ஆடும், அந்த ஆட்டத்தை அளப்பது இன்னொரு வழி.

ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் சத்தம் கூர்மையாகவும், தாண்டிப் போகும்போது கம்மலாகவும் கேட்கும் இல்லையா? ஒளியிலும் அதேதான் நடக்கிறது. நட்சத்திரம் நம்மை நோக்கி வந்தால் அதன் ஒளி நீலப் பக்கமும், விலகிப் போனால் சிவப்புப் பக்கமும் நகரும். டாப்ளர் விளைவு என்று இதற்குப் பெயர்.

இந்த ஆட்டம் மிகச் சிறியது. பூமியால் சூரியன் ஆடும் வேகம் நொடிக்கு 9 சென்டிமீட்டர்தான். சிவப்புக் குள்ளனின் அருகில் பூமி அளவு கோள் இருந்தால் அது நொடிக்கு 1 மீட்டர் அளவுக்கு வரும். அதாவது, பல ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஒரு நட்சத்திரம், மனிதர் மெல்ல நடக்கும் வேகத்தில் முன்னும் பின்னும் அசைவதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

புள்ளி எப்படி கோள் வேஷம் போடுது?

சூரியனில் கரும்புள்ளிகள் உண்டு. சிவப்புக் குள்ளன்களிலும் உண்டு. நட்சத்திரம் தன்னைத்தானே சுற்றுவதால் அதன் ஒரு பாதி நம்மை நோக்கி வரும், மறு பாதி விலகிப் போகும். இரண்டும் சமமாக இருக்கும் வரை பிரச்சனை இல்லை.

நம்மை நோக்கி வரும் பாதியில் ஒரு பெரிய கரும்புள்ளி இருந்தால், அந்தப் பக்கத்து வெளிச்சம் குறைந்துவிடும். மொத்தக் கணக்கில் நட்சத்திரமே விலகிப் போவது போலத் தெரியும். புள்ளி அடுத்த பாதிக்கு நகர்ந்ததும் கணக்கு தலைகீழாகும். நட்சத்திரம் சுற்றச் சுற்ற இது திரும்பத் திரும்ப நடக்கும். கருவியில் பார்த்தால் அச்சு அசலாகக் கோளின் இழுப்பு மாதிரியே இருக்கும்.

சிவப்புக் குள்ளன்களில் கூடுதல் சிக்கல் ஒன்று இருக்கிறது. வயதான சிவப்புக் குள்ளன்கள் தம்மைச் சுற்றிக்கொள்ள எடுக்கும் காலமும், உயிர் வாழ ஏற்ற பகுதியில் கோள் சுற்றி வரும் காலமும் பல நேரம் ஒரே அளவில் வந்துவிடும். நாம் தேடும் சிக்னலும் நம்மை ஏமாற்றும் சிக்னலும் ஒரே இடத்தில் நிற்கும்.

கிளீஸ் 581-ல் என்னதான் நடந்தது?

கிளீஸ் 581 டி கோள் 2007-ல் அறிவிக்கப்பட்டது. அதன் ஒரு சுற்று சுமார் 67 நாள் என்று பின்னர் கணக்கிட்டார்கள். 2010-ல் அதே நட்சத்திரத்தில் 'ஜி' என்ற இன்னொரு கோளும் அறிவிக்கப்பட்டு உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது.

2014-ல் பால் ராபர்ட்சன், இந்திய வம்சாவளி விஞ்ஞானி சுவ்ரத் மகாதேவன், மைக்கேல் எண்டல், அர்பிதா ராய் ஆகியோர் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நட்சத்திரத்தின் காந்தக் கொந்தளிப்பைக் காட்டும் ஹைட்ரஜன் ஒளியை அவர்கள் அளந்தார்கள். நட்சத்திரம் தன்னைச் சுற்ற 130 நாள் ஆவது தெரிந்தது. 67 என்பது ஏறக்குறைய அதில் பாதி. கொந்தளிப்பின் பங்கைக் கழித்ததும் 'டி'யின் சிக்னல் காணாமல் போனது. 'ஜி'யும் நிற்கவில்லை. அதே சமயம், அங்கே நிஜமாக இருக்கும் 'சி', 'இ' கோள்களின் சிக்னல் முன்பை விடத் தெளிவானது.

இந்தக் கணக்கு முறைக்கு எதிர்ப்பும் வந்தது. ஆனால் அதன் பிறகு வந்த ஆய்வுகள் பெரும்பாலும் 'டி' இல்லை என்ற பக்கமே நிற்கின்றன.

கொடைக்கானலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. 1909-ல் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் பயன்படுத்தியதும் இதே டாப்ளர் நகர்வுதான். 1904 முதல் கால்சியம் ஒளியில் சூரியனைப் படம் பிடித்து வந்த ஆய்வகம் அது. கரும்புள்ளிகளைச் சுற்றிய கொந்தளிப்பான பகுதிகள் கால்சியம் ஒளியில் பிரகாசமாகத் தெரியும். நூறு ஆண்டுகளைத் தாண்டிய அந்தப் படத் தொகுப்பு, ஒரு நட்சத்திரம் காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்பதற்கு உலகில் கிடைக்கும் அரிய ஆவணம்.

காவலூர் வானியல் ஆய்வகத்தை உருவாக்கிய, சென்னையில் பிறந்த வைணு பாப்பு, 1957-ல் ஓலின் வில்சனுடன் சேர்ந்து இதே கால்சியம் ஒளியை மற்ற நட்சத்திரங்களில் ஆராய்ந்தார். அந்த ஒளிக்கோட்டின் அகலத்துக்கும் நட்சத்திரத்தின் பிரகாசத்துக்கும் உள்ள தொடர்பு 'வில்சன்-பாப்பு விளைவு' எனப்படுகிறது. இன்று கோள் தேடும் குழுக்கள் சந்தேகம் வந்தால் முதலில் பார்க்கும் அடையாளங்களில் கால்சியம் ஒளியும் ஒன்று.

இப்போ வர்ற செய்திகளில் இது எங்கே வருது?

ட்ராப்பிஸ்ட்-1 என்ற சிவப்புக் குள்ளனுக்கு ஏழு கோள்கள். தூரம் சுமார் 40 ஒளியாண்டு. அதில் 'இ' கோளுக்கு வளிமண்டலம் இருக்கிறதா என்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி தேடியது. 2025 செப்டம்பரில் வெளியான முதல் முடிவுகள் 'உண்டு' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. நட்சத்திரத்தின் புள்ளிகளே சிக்னலைக் கலங்கடித்துவிட்டன.

இதற்கு விஞ்ஞானிகள் ஒரு வழி யோசித்திருக்கிறார்கள். அதே நட்சத்திரத்தின் 'பி' கோளுக்கு வளிமண்டலம் பெரிதாக இருப்பதாகத் தெரியவில்லை. 'பி'யையும் 'இ'யையும் அடுத்தடுத்து பார்த்தால், 'பி'யில் தெரிவதெல்லாம் நட்சத்திரத்தின் வேலை. அதைக் கழித்தால் மிஞ்சுவது 'இ'யின் கணக்கு.

எல்லா சந்தேகமும் 'கோள் இல்லை' என்று முடிவதில்லை. உயிர் இருக்கலாம் என்று 2025-ல் பேசப்பட்ட கே2-18 பி கோளுக்குப் பக்கத்தில், சுமார் 9 நாளில் சுற்றும் 'சி' என்ற கோள் 2017-ல் அறிவிக்கப்பட்டது. அது நட்சத்திரத்தின் கொந்தளிப்பாக இருக்கலாம் என்று 2018-ல் வேறு குழு சொன்னது. தொடர்ந்து நடந்த ஆய்வுகளில் கோள் நிஜம்தான் என்று உறுதியானது.

அப்போ எதை நம்புறது?

கோளின் இழுப்பு எல்லா நிற ஒளியிலும் ஒரே அளவில் தெரியும். புள்ளியின் தாக்கம் நிறத்துக்கு நிறம் மாறும், அகச்சிவப்பில் பொதுவாகக் குறையும். அதனால்தான் மகாதேவன் தலைமையிலான குழு, அகச்சிவப்பில் அளக்கும் கருவியை உருவாக்கி அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள தொலைநோக்கியில் பொருத்தியது. இன்னொரு சோதனை காலம். புள்ளிகள் தோன்றும், மறையும். கோள் பல ஆண்டுகள் கழித்தும் அதே நேரக் கணக்கில் வரும்.

அடுத்த முறை 'பூமி மாதிரி கோள்' என்று செய்தி வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்க. அந்த நட்சத்திரம் தன்னைச் சுற்ற எத்தனை நாள் எடுக்கிறது? கோளின் சுற்றுக் காலம் அதோடு, அல்லது அதன் பாதியோடு ஒத்துப்போகிறதா? வேறொரு குழு, வேறொரு கருவியில் அதையே பார்த்திருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வரும் வரை அது கண்டுபிடிப்பு இல்லை, கோளாக இருக்கலாம் என்ற ஒரு சந்தேகம் மட்டும்தான்.