புக்கிங் குமாஸ்தாவுக்கு எட்டு மணி நேரம் கிடையாதா?

ஆலையில் நூல் மூட்டை கட்டியாகிவிட்டது. களத்தில் நெல் மூட்டை பிடித்தாகிவிட்டது. ஆனால் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தானே அதற்கு விலை! கொண்டு சேர்ப்பது லாரி. லாரி டிரைவரை நாம் அறிவோம். சுமை ஏற்றும் தொழிலாளியை அறிவோம். லாரிக்கு லோடு பேசி, காகிதம் எழுதி, வழியனுப்பி வைக்கும் புக்கிங் குமாஸ்தாவை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நாமக்கல், சங்ககிரி, சேலம், கரூர் என்று லாரித் தொழில் வேரூன்றிய ஊர்களில் அவருடைய ஒரு நாளைப் பாருங்கள்.

காலையில் ஆபீஸ் திறந்ததும் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று போனில் விசாரிக்க வேண்டும். பிறகு லோடு தேட வேண்டும். போக லோடு கிடைத்தால் மட்டும் போதாது. திரும்பி வரவும் லோடு வேண்டும். வண்டி காலியாகத் திரும்பினால் டீசலும் சுங்கச்சாவடிக் கட்டணமும் கைநஷ்டம். சரக்குக்காரர் வாடகையைக் குறை என்பார். வண்டிக்காரர் கட்டாது என்பார். இருவர் ஏச்சையும் கேட்பவர் குமாஸ்தா.

பகலில் லோடு ஏறும். எடைமேடைச் சீட்டைச் சரிபார்க்க வேண்டும். அதிகபாரம் ஏற்றினால் 2019-ம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். “இன்னும் நாலு மூட்டை போடு” என்று சொல்பவர் முதலாளி. வண்டி பிடிபட்டால் “நீ ஏன் அனுப்பினாய்?” என்று கேட்கப்படுபவர் குமாஸ்தா!

மாலையில் காகித வேலை. சரக்கு ரசீது எழுத வேண்டும். டிரைவருக்கு முன்பணமும் பேட்டாவும் கொடுத்துக் கணக்கு வைக்க வேண்டும். மாநிலம் தாண்டும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு, சில விலக்குகள் நீங்கலாக, 2018 ஏப்ரல் முதல் இ-வே பில் கட்டாயம். 2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது அதன் ஆயுள். நடுவழியில் வண்டி பழுதாகிச் சரக்கை மாற்றினால் புது வண்டியின் எண்ணைப் பதிய வேண்டும். ஆபீஸ் கதவு சாத்தினாலும் ரோட்டில் வண்டி ஓடுகிறது. நள்ளிரவிலும் போன் அடிக்கிறது. இந்த வேலைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு எங்கே?

முடிவு வேண்டும் என்று சட்டமே சொன்னது. 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் டிரைவர், கிளீனரோடு புக்கிங் குமாஸ்தாவையும் பெயர் சொல்லித் தொழிலாளி என்றது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி என்றது. 5 தொழிலாளர் உள்ள கம்பெனிக்கே அது பொருந்தியது.

அந்தச் சட்டம் இன்று தனியாக இல்லை. 13 சட்டங்களைச் சேர்த்து 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. அதுவும் எட்டு மணி நேரம் என்றுதான் பேசுகிறது. யாருக்கு? 10 தொழிலாளரும் அதற்கு மேலும் உள்ள இடத்துக்கு! ஐந்து பத்தாகிவிட்டது. ஆறு பேர், எட்டு பேர் வேலை செய்யும் லாரி கம்பெனி இதற்கு வெளியே நிற்கிறது. சிறிய கம்பெனி என்றால் உழைப்பும் சிறியதா? அங்கே இரவு மட்டும் குட்டையா?

ஐந்து பேர் என்ற பழைய வரம்பைச் சர்க்கார் மீண்டும் கொண்டுவர வேண்டும். இரவு போனுக்கும் வேலை நேரக் கணக்கு வேண்டும். அதிகபார அபராதத்தைக் குமாஸ்தாவின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

குமாஸ்தா தோழரே! சட்டை வெள்ளையாக இருப்பதால் நீர் வேறு ஜாதி அல்ல. டிரைவரும் கிளீனரும் சுமை தூக்குபவரும் உமது தோழர்கள். அவர்களது சங்கத்தில் உமக்கும் இடம் உண்டு, வந்து சேரும். ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் உமக்குத் துணை நிற்பார்கள். அவர்கள் விளைவித்த சரக்கைத்தானே நீர் ஊர் சேர்க்கிறீர்!