கை அறிந்ததும் மோட்டார் அறியாததும்

நாடக மேடையில் சீன் ஏற்றி இறக்கும் வேலை நம் நாட்டில் நெடுங்காலம் மனிதக் கையின் வேலையாகவே இருந்துவந்தது. கன்னையா கம்பெனியின் தசாவதாரமும், நவாப் இராஜமாணிக்கத்தின் புராண நாடகங்களும், பின்னாளில் ஆர். எஸ். மனோகரின் இலங்கேஸ்வரனும் சபையோரைப் பிரமிக்கச் செய்த காட்சி மாற்றங்களுக்கெல்லாம் ஆதாரமாக, பக்கத் தட்டிக்குப் பின்னே கயிற்றைப் பற்றி நின்ற மேடைத் தொழிலாளி, தம் பெயர் நோட்டீஸில் வராவிட்டாலும், தூக்கப்படும் பொருளின் கனத்தையும், அது எங்கேனும் இடறுவதையும், கயிறு தளர்வதையும், கப்பி காய்ந்து முனகுவதையும் உள்ளங்கையாலேயே அறிந்துகொண்டிருந்தார். அந்தக் கயிற்றின் இடத்தில் மோட்டாரைப் பூட்டும்போது வலிமை கூடுகிறது. அறிவு முழுவதும் நீங்கிவிடுகிறது. நீங்கிய அந்த அறிவின் ஒவ்வொரு அம்சத்தையும் உபகரணமாகவோ, விதியாகவோ, மனிதக் கண்ணாகவோ திரும்ப அமைத்துக் கொடுப்பதுதான் விஞ்ச் பொருத்துபவரின் உண்மையான வேலை என்பது எமது அபிப்பிராயம். நீலகிரியிலுள்ள பள்ளி மேடைகளுக்கும் மண்டபங்களுக்கும் இப்பணியை மேற்கொள்ளும் அன்பர்களை உத்தேசித்து, மலைநாட்டுக்கே உரிய சில விசேஷங்களையும் சேர்த்து இந்த இதழின் ஆசிரியர் உரையை எழுதுகிறோம்.

எதிரெடையின் தத்துவம் நமக்குப் புதிதன்று. துலாவின் அடிமரத்தில் கல்லைக் கட்டி, நிறைந்த சாலை ஒற்றை ஆளாக மேலே கொண்டுவந்த உழவர் அதை எந்தப் புத்தகமும் படியாமல் பிரயோகித்தவரே. ஆனால் கைக்கயிற்று மேடையில் எதிரெடையைச் சுமைக்குச் சரிசமமாக வைப்பது அவசியமாயிருக்க, மோட்டார் மேடையில் அது அவசியமில்லை என்பதோடு, பல சந்தர்ப்பங்களில் உசிதமும் இல்லை. ஓர் உதாரணம் பார்ப்போம். சீன் தொங்கும் குழாயும் அதன் சாதனங்களும் 100 கிலோ. அதில் தொங்கக்கூடிய அதிகபட்சச் சுமை 400 கிலோ. எதிரெடையை, குழாயின் 100 கிலோவும் சுமையில் பாதியான 200 கிலோவும் சேர்த்து 300 கிலோவாக நிரந்தரமாக வைத்துவிட்டால், குழாய் வெறுமையாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் மோட்டார் சமாளிக்கவேண்டிய வித்தியாசம் 200 கிலோவுக்கு மேற்படாது. விநாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் அதற்கு வேண்டிய சக்தி சுமார் 590 வாட். பல்சக்கரப் பெட்டியிலும் கப்பிகளிலும் விரயமாவதைக் கருதித் திறனை 70 சதவீதமாகக் கொண்டால் சுமார் 840 வாட். எதிரெடையே இல்லாமல் 500 கிலோவையும் தூக்குவதானால் 2,100 வாட் வேண்டும். கட்டடங்களில் ஏறியிறங்கும் லிஃப்டுகளிலும், கூண்டின் எடையோடு சுமையின் 40 முதல் 50 சதவீதத்தைச் சேர்த்து எதிரெடை வைப்பது இதே கணக்கின்படிதான்.

இவ்வாறு அமைப்பதில் சக்தி மிச்சப்படுவதைக் காட்டிலும் பெரிய நன்மை ஒன்று உண்டு. கைக்கயிற்று மேடையில் குழாய் தரைக்கு இறங்கியிருக்கும்போது முதலில் சீனைக் கட்டி, பிறகே மேல்தட்டில் நிற்பவர் எடைக்கட்டிகளை ஏற்றவேண்டும். அவிழ்க்கும்போது முதலில் கட்டிகளை இறக்கி, பிறகே சீனைக் கழற்றவேண்டும். இந்த வரிசை ஒருமுறை தலைகீழானால், மேலே நிற்கும் எதிரெடை கட்டறுத்துக் கீழே பாய, குழாய் கூரையை நோக்கிப் பறக்கும். எடையைத் தொடவே வேண்டாத அமைப்பில் அந்த விபத்துக்கு இடமில்லை. ஆனால் பழைய கட்டில் மோட்டாரை மட்டும் புதிதாகப் பூட்டி, கட்டிகளை ஏற்றியிறக்கும் வழக்கத்தையும் வைத்துக்கொண்டால், மோட்டாரும் பிரேக்கும் சமநிலையில் உள்ள சுமைக்கல்ல, மறதியால் நேரக்கூடிய முழு ஏற்றத்தாழ்வுக்கும் தகுந்தவையாக இருக்கவேண்டும். சமநிலையை நம்பி வாங்கிய சிறிய மோட்டார் மறதியை மன்னிக்காது.

ஏற்றுவதைவிட நிறுத்துவதே கடினம் என்பதற்கு நீலகிரியைக் காட்டிலும் சிறந்த பாடசாலை இல்லை. 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டிய மலை ரயில், கல்லாறு முதல் குன்னூர் வரை, தண்டவாளங்களின் நடுவே பதித்த பல்தண்டைப் பற்றிக்கொண்டு, ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி என்னும் சரிவில் ஏறுகிறது. அங்கே எஞ்சின் வண்டித் தொடரின் கீழ்ப்புறத்தில் நின்று தள்ளிச் செல்வதும், ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிப்பதற்கென்றே ஒரு தொழிலாளி நிற்பதும், மேலேறும் வண்டி கீழே வரக்கூடும் என்பதை ஒரு கணமும் மறவாத புத்தியின் விளைவுகள். 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்துக்கு கிளன்மார்கனிலிருந்து செங்குத்தான சரிவில் இறங்கும் விஞ்சைக் கண்டவர்களுக்கும் இதை விவரிக்கத் தேவையில்லை. மேடை விஞ்சிலும் ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக்குகள் இருக்கவேண்டும். ஒவ்வொன்றும் தனித்தே, மோட்டார் சமாளிக்கவேண்டிய அதிகபட்ச வித்தியாசத்தின் 125 சதவீதத்தைத் தாங்கவேண்டும். மின்சாரம் நின்ற மாத்திரத்தில் இரண்டும் தாமே பிடிக்கவேண்டும். ஒன்றை மோட்டாரின் தண்டிலும் மற்றதை வயர் ரோப் சுற்றும் டிரம்மிலுமே வைப்பது உத்தமம். இரண்டையும் மோட்டார்ப் பக்கத்திலேயே வைத்தால், இடையிலுள்ள பல்சக்கரமோ சாவியோ முறியும் நாளில் இரண்டும் ஒருசேரப் பயனற்றுப்போம். புழுச்சக்கரப் பெட்டி தானே பின்வாங்காது என்ற நம்பிக்கையில் பிரேக்கைக் குறைப்பவர்கள், தேய்மானமும் அதிர்வும் அந்தக் குணத்தைக் கெடுக்கும் என்பதை நினைவில் கொள்வாராக.

இனி மலைநாட்டுக்கே உரிய ஆபத்து ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுவதும், இரவோடிரவாக அதை இணைத்து மின்சாரம் தருவதும் இங்கே சகஜம். அவ்வாறு இணைக்கையில் மூன்று ஃபேஸ்களில் இரண்டு இடம் மாறிவிட்டால் விளக்குகள் வழக்கம்போல் எரியும். ஆனால் நேரடியாக இணைத்த மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். இயக்குபவர் ‘மேலே’ என்ற பொத்தானை அழுத்துகிறார். குழாய் கீழே வருகிறது. கீழ்எல்லையிலுள்ள லிமிட் ஸ்விட்ச் அதை நிறுத்துமா என்றால், நிறுத்தாது. அந்த ஸ்விட்ச் ‘கீழே’ என்னும் கான்டாக்டரை மட்டுமே துண்டிக்கும். இப்போது மோட்டாரை ஓட்டிக்கொண்டிருப்பதோ ‘மேலே’ என்னும் கான்டாக்டர். ஆகவே ஃபேஸ் வரிசை மாறினால் இயங்கவே விடாத ரிலே ஒன்றும், திசை எதுவாயினும் மின்சாரத்தையே அடியோடு துண்டிக்கும் இறுதி எல்லை ஸ்விட்ச் இரு முனைகளிலும் ஒவ்வொன்றும் இல்லாத விஞ்சை இம்மலையில் இயக்கக்கூடாது. மின்னதிர்வு எண்ணை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் உள்ள மோட்டாருக்கு இந்தத் திசைமாற்றம் நேராது என்பது மெய்யே. ஆனால் அதற்கு வேறொரு நிபந்தனை உண்டு: மோட்டார் சுமையைத் தாங்கும் முறுக்குவிசையை அடைந்துவிட்டதென்று உறுதிப்பட்ட பின்னரே பிரேக் விடுபடுமாறு டிரைவில் நிர்ணயம் செய்திருக்கவேண்டும்.

உயரத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும். சாமான்யமான மின்மோட்டார்கள் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்துக்கும் 40 டிகிரி வெப்பத்துக்கும் என்றே வடிவமைக்கப்படுகின்றன. 2,200 மீட்டருக்கு மேலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி குறைவதால் குளிர்விக்கும் சக்தி குறைகிறது. ஆயினும் அங்கே காற்றே குளிர்ந்திருப்பதால், மோட்டாரின் சுருளைப் பொறுத்தவரை ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். ஏமாற்றமளிப்பது கட்டுப்பாட்டுப் பெட்டிதான். கான்டாக்டர் முதலான ஸ்விட்ச் சாதனங்கள் பொதுவாக 2,000 மீட்டர் வரைக்கே உத்தரவாதம் பெற்றவை; அதற்கு மேல் மெலிந்த காற்று மின்பொறியைத் தடுப்பதில் வலிமை குன்றும். எனவே குன்னூருக்கு வாங்கிய பெட்டியை அப்படியே உதகையில் மாட்டுவதற்கு முன் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்ப்பது கடமை. அதோடு மூடுபனியின் ஈரம் பெட்டிக்குள் முத்துமுத்தாகப் படிவதால், சிறு ஹீட்டர் ஒன்று வருஷம் முழுவதும் எரிந்துகொண்டிருக்கவேண்டும். ஆண்டுவிழாவுக்கு மட்டும் இயங்கும் பள்ளி மேடைகளில், மாதக்கணக்காக அசையாத பிரேக் தட்டு துருவேறி ஒட்டிக்கொள்வதோ, ஈரம் படிந்து வழுக்குவதோ உண்டாகையால், விழா ஒத்திகைக்கு முன் சுமையின்றி மேலும் கீழுமாகப் பலமுறை ஓட்டிப் பார்க்காமல் சீனைக் கட்டக்கூடாது. நாக முலாமிட்ட வயர் ரோப்பைத் தவிர வேறெதையும் இம்மலையில் உபயோகிப்பது சிக்கனமாகாது.

சுமை முழுவதும் கடைசியில் கட்டடத்தின் தலையில்தான் விழுகிறது என்பதும், அது நாம் தூக்கும் எடையைப்போல் இரு மடங்கு என்பதும் அடிக்கடி மறக்கப்படுகின்றன. மேற்சொன்ன உதாரணத்தில் குழாய்ப் பக்கம் 500 கிலோ. எதிரெடைப் பக்கத்தில் 300 கிலோவோடு, தரையில் வைத்த மோட்டார் கீழ்நோக்கி இழுக்கும் 200 கிலோ. ஆக, மேலேயுள்ள உத்திரங்கள் 1,000 கிலோவைச் சுமக்கின்றன. இதற்கு மேல், கப்பிகளின் இடையே கயிறு குறுக்கே ஓடுவதால் உத்திரங்களை ஒன்றையொன்று நோக்கி இழுக்கும் 500 கிலோ விசையும், திடீரென்று நிறுத்தும்போது எழும் அதிர்ச்சியும் உண்டு. மரச்சட்டமும் தகரக் கூரையும் சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய கற்சுவரும் கொண்ட பழைய மலைக் கட்டடங்களை எழுப்பியவர்கள் காற்றையும் மழையையும் நினைத்துக் கட்டினார்களேயன்றி, தொங்கும் சுமையை நினைக்கவில்லை. அத்தகைய சுவரில் துளையிட்டு விரியும் போல்ட்டை நம்புவதைவிட, தரையிலிருந்தே எஃகுத் தூண்களை நிறுத்தித் தனிச்சட்டம் அமைப்பது செலவானாலும் விவேகம். எதுவாயினும் கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட கணக்கு கைக்கு வருமுன் ஒரு கப்பியையும் மேலே ஏற்றக்கூடாது.

வயர் ரோப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். ஐந்து கயிறுகளில் தொங்கும் 500 கிலோ ஒவ்வொன்றிலும் நூறு நூறாகப் பிரிவதில்லை. சீன் எங்கே கனமோ அந்தக் கயிறு அதிகம் சுமக்கும். அந்த அதிகச் சுமைக்கே பத்து மடங்கு அறுவலிமை வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் 2266-க்கு இணங்கியதென்ற சான்றிதழும் உடன் வரவேண்டும். டிரம்மில் கயிறு வந்து சேரும் கோணம் இரண்டு டிகிரியைத் தாண்டினால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றேறி நசுங்கும். முனைகளை அழுத்தி முடிக்கும் குழல்களால் முடிப்பது சிலாக்கியம்; கிளிப்புகளால் முடிக்க நேர்ந்தால், சுமையைத் தாங்கும் நீண்ட கயிற்றின் மேல் கிளிப்பின் சேணமும், மடிந்து முடியும் குட்டை வாலின் மேல் யூ-போல்ட்டும் அமையவேண்டும். திருப்பி மாட்டினால் யூ-போல்ட் சுமைதாங்கும் இழைகளையே நெரித்துவிடும். முதல் சுமையில் கயிறு நீண்டு மெலிவதால், அந்தச் சுமையை இறக்கியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி முடுக்கவேண்டும். நாளிறுதியில் களைத்த கைகள் விட்டுவிடும் வேலை பெரும்பாலும் இதுவே.

கை அறிந்திருந்ததில் மிக நுட்பமானது, இடறலும் தளர்வும். இறங்கும் குழாய் பக்கத்துக் குழாயின் விளக்கில் மாட்டிக்கொண்டால் மனிதன் நிறுத்துவான். மோட்டாரோ கயிற்றை விட்டுக்கொண்டே போகும். மாட்டியது விடுபடும் கணத்தில் அவ்வளவு தளர்வும் ஒரே குலுக்கலாகக் கயிற்றில் விழும். கயிறு தளர்ந்தால் நிறுத்தும் ஸ்விட்சும், சுமை கூடினாலும் குறைந்தாலும் நிறுத்தும் எடையுணரியும் இதற்காகவே. ஆனால் எந்த உணரியும் மேடையில் நடப்பவனைக் காணாது. 2021 அக்டோபரில் மாஸ்கோவின் புகழ்பெற்ற போல்ஷோய் அரங்கில் ‘சட்கோ’ என்னும் இசைநாடகத்தின் நடுவே, சபையோர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, காட்சி மாறும்போது இறங்கிய சீனின் அடியில் சிக்கிக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். செல்வத்துக்கோ அனுபவத்துக்கோ குறைவில்லாத அரங்கில் நேர்ந்தது நம் மேடையில் நேராதென்று யார் சொல்லமுடியும்? பொத்தானை அழுத்துபவர் குழாயின் பாதை முழுவதையும் நேராகக் காணுமிடத்தில் நிற்கவேண்டும். விரலை எடுத்தால் நிற்கும் பொத்தானாக இருக்கவேண்டும். காணமுடியாத மூலைக்கு, நிறுத்தும் அதிகாரமுள்ள இரண்டாமவர் வேண்டும்.

ஆகவே மேடை விஞ்ச் பொருத்தும் அன்பர்களிடம் நாம் வேண்டுவது இது. நிர்ணயித்த சுமையின் 125 சதவீதத்தை ஏற்றி அசையாமல் நிறுத்திப் பாருங்கள். ஒரு பிரேக்கை விலக்கி மற்றது தனித்துத் தாங்குகிறதா என்று பாருங்கள். ஓடும்போதே மின்சாரத்தைத் துண்டியுங்கள். ஃபேஸை வேண்டுமென்றே மாற்றி ரிலே தடுக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு எல்லை ஸ்விட்சையும் கையால் தட்டிப் பாருங்கள். சோதனை நடக்கும்போது மேடையில் எவரும் நிற்கலாகாது. இவற்றின் முடிவுகளைத் தேதியோடும் கையெழுத்தோடும் ஒரு புத்தகத்தில் எழுதி, அந்தப் புத்தகத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கத்திலேயே சங்கிலியிட்டு வைத்து, ஆண்டுதோறும் பருவமழை ஓய்ந்தபின் இதே சோதனைகளை மறுபடியும் செய்வதென்று மண்டபத்தாரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். விழாத் தேதி நெருங்கிவிட்டது, இம்முறை மட்டும் ஓட்டிவிடலாம் என்று அவர்கள் கேட்பார்கள். அப்போது பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் உறுதி, இத்தொழிலின் தகுதிகளில் முதலாவது.