காது அடைப்பு என்று காத்திருக்க வேண்டாம்

இரவு நன்றாகக் கேட்ட காது விடிந்தபோது அடைத்துக்கொண்டதுபோல் இருக்கிறது. உள்ளே ஓர் இரைச்சல். சிலருக்குத் தலைசுற்றலும் உண்டு. வலி இல்லை. அதனாலேயே இந்நோய் பலரை ஏமாற்றிவிடுகிறது. சளியாக இருக்கும், குறும்பியாக இருக்கும் என்று எண்ணெயைக் காய்ச்சி ஊற்றிப் பத்து நாள் பார்க்கிறார்கள். விடியற்காலையில் ஜீப் ஏறிக் குமுளி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குச் செல்பவர்களுக்கு, மருத்துவமனைக்கு வரும் நாள் கூலி இழக்கும் நாள். அவர்கள் தள்ளிப்போடுவதை நாங்கள் குறைகூறவில்லை. ஆயினும், மாரடைப்புக்குக் காட்டும் அவசரத்தில் பாதியையேனும் இந்தக் காதுக்குக் காட்ட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபெல் அல்லது அதற்கு மேல் உட்செவியின் கேட்கும் திறன் குறைந்தால், அதைத் திடீர்ச் செவித்திறன் இழப்பு என்கிறோம். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குத் திட்டவட்டமான காரணம் அகப்படுவதில்லை.

உள்ளே என்ன நிகழ்கிறது? பட்டாணி அளவேயுள்ள நத்தைச் சுருளில் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் ஒலியை நரம்புக்கு மாற்றித் தருகின்றன. மனிதருக்கு அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. உயிரோடிருப்பவரின் உட்செவியிலிருந்து ஒரு துணுக்கை வெட்டியெடுத்துச் சோதிக்கவும் இயலாது. எடுத்தால் எஞ்சிய கேள்திறனும் போய்விடும். ஆகவே திசு மாற்றங்களைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, இறந்தபின் தம் செவி எலும்பைக் கொடையளித்தவர்களால் கிடைத்தது. கண்தானம் பற்றிக் கேள்விப்படாத ஊர் இப்பள்ளத்தாக்கில் இல்லை. செவி எலும்புக் கொடையைக் கேள்விப்பட்டவரோ அரிது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சௌமில் மெர்ச்சன்ட் குழுவினர் அத்தகைய 17 செவிகளை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டனர். கேள்திறன் திரும்பாத செவிகளில் பெரும்பாலானவற்றில் மயிர்ச் செல்களும் அவற்றைத் தாங்கும் செல்களும் அழிந்திருந்தன. கேள்திறன் திரும்பிய இரண்டு செவிகளில், அந்த இழப்புக்கு ஈடான திசுச் சேதம் எதுவும் தென்படவில்லை. இரண்டே செவிகள்தாம், பெரிய முடிவு கட்டிவிட முடியாது. எனினும், தொடக்கத்தில் செல்கள் சில வேளை செயலிழந்து மட்டும் இருக்கலாம், இறந்திருக்க வேண்டியதில்லை என்று எண்ண இது இடம் தருகிறது. நாங்கள் அவசரப்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்டீராய்டு மருந்தைக் கூடியவரை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்க வேண்டும். அது எல்லோரையும் குணப்படுத்தும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். மருந்தின்றியே தேறுபவர்களும் உண்டு. தேறப்போவது யார் என்று முதல் நாளில் எவராலும் சொல்ல முடியாது என்பதால்தான் காத்திருப்பதை நாங்கள் ஏற்பதில்லை. சர்க்கரை நோயாளிகள் ஸ்டீராய்டு என்றாலே அஞ்சுகிறார்கள். இரத்தச் சர்க்கரையைக் கவனித்துக்கொண்டு தரலாம்; செவிப்பறை வழியே ஊசியாகச் செலுத்தும் முறையும் இருக்கிறது. செவி நரம்பில் கட்டி உள்ளதா என்று அறிய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வதையும் வீண் செலவென்று கருத வேண்டாம். 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லிச் சத்து மாத்திரை மட்டும் தருவதை நாங்கள் சிகிச்சையாகக் கருதுவதில்லை.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகுங்கள். அடைத்த காதில் ஒலி உரக்கக் கேட்டால் குறும்பி, சளி போன்ற தடையாக இருக்கலாம். நல்ல காதில் உரக்கக் கேட்டால் உட்செவியைச் சந்தேகியுங்கள், அன்றே புறப்படுங்கள். ஆடியோகிராம்தான் உறுதி செய்யும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்று இருந்தாலே இந்த வேறுபாட்டை ஓரிரு நிமிடங்களில் அறியலாம். விலை மலிவான அக்கருவி ஒவ்வொரு நிலையத்திலும் இருக்க வேண்டும்.

உடன் வருபவர்கள், காது கேளாமற்போன நாளையும் நேரத்தையும் உண்ணும் மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். இரண்டு வாரம் கடந்துவிட்டதென்று வராமலும் இருந்துவிடாதீர்கள். ஆறு வாரம் வரை செவிப்பறை வழி ஊசி சிலருக்குப் பயனளிக்கிறது.